பென்சில் சீவாத பென்சில் சீவி

நான் துப்பாக்கி சுடப் பழகியதற்கு உருளைக்கிழங்கும் உருக்கிய சீஸும்தான் காரணம். சுவிற்சர்லாந்தின் ஊஸ்டரில் நான் சமையலறையில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் அப்வார்ட், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர், தங்கள் சுடும் சங்கத்தில் ஒரு சனிக்கிழமை திறந்த நாள் என்றும் வந்தால் அந்தச் சாப்பாடு இலவசம் என்றும் சொன்னார். இதை நான் என் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று காலை ஒன்பது மணிக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு ஐந்து குண்டு, தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும் என்றார்கள். என் கணவர் சுட்ட ஐந்தும் அவருடைய இலக்கில் படவில்லை. ஒன்று மட்டும் பக்கத்தில் படுத்திருந்தவரின் இலக்கில் பட்டு, அந்த மனிதருக்குக் கூடுதல் புள்ளி கிடைத்தது. பிறகு நான் படுத்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து பட்டப்பகலில் யாரும் வந்து எழுப்பாமல் நான் படுத்திருந்தது அன்றைக்குத்தான். அந்த நிம்மதியிலோ என்னவோ, கை துளியும் ஆடவில்லை. நாலு குண்டு கறுப்பு வட்டத்துக்குள் போயின. அப்வார்ட் அங்கத்துவப் படிவத்தை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்களுக்குச் சுவிஸ் குடியுரிமையும் சிவப்புக் கடவுச்சீட்டும் கிடைத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சட்டப்படி ஒரு தடையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

சுடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, குண்டுகளைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நிரப்புகிறவர்கள் சங்கத்தில் பலர் என்று. சுட்டபின் விழும் பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இலங்கையில், யுத்த காலத்தில், எங்கள் ஊர் ஒழுங்கையில் ஒரு வெற்றுக் கோது கிடந்தால் சுற்றிப் போவோம். இங்கே நான் குனிந்து குனிந்து பொறுக்கிப் பையில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி போட்டு மினுக்கினேன். அடுத்த வாரம் சங்கத்து ஆண்கள் என் கோதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன இரசாயனம் என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டுச் சொல்லாமல் வந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கோதின் கழுத்து மயிரளவு நீள்கிறது. அளவுக்கு மேல் நீண்டால் துப்பாக்கிக்குள் ஒழுங்காக உட்காராது, ஆபத்தும்கூட. எனவே நீண்டதை வெட்டிச் சரியான நீளத்துக்குக் கொண்டுவர ஒரு கருவி வேண்டும். அப்வார்ட் தன்னுடையதைக் காட்டினார். மின்சாரத்தில் ஓடுவது, எங்கள் சோற்றுச் சட்டி அளவு பெரியது. விலையைக் கேட்டதும் என் கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவர் காட்டிய விலைப்பட்டியலில் அதைவிட மலிவானது கையால் சுற்றுவது. சின்ன மேசைக் கருவி, ஒரு பக்கம் கோதைப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் கைபிடியைச் சுற்றினால் வெட்டும். அதன் விலையும் எங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான்.

என் கணவர் ஓர் உபகரணத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர். உலோகத்தை வெட்டுவதற்கு வெளியில் ஒரு கருவி வாங்குவதென்றால் அது தன் முப்பது வருட உத்தியோகத்துக்கு அவமானம் என்று சொல்லி, தானே செய்வதாக ஏற்றுக்கொண்டார். இரண்டு கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைசல் இயந்திரத்தில் ஏதோ கடைந்தார். கடைசியில் கொண்டுவந்ததை மின்துளைகருவியில் பூட்டி, நான் மினுக்கி வைத்த கோதுகளில் பன்னிரண்டை வெட்டினார். பன்னிரண்டும் ஒரே நீளம். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் சொச்சம் இருக்க வேண்டியவை உதட்டுச்சாயக் குப்பியின் மூடியளவுக்கு வந்திருந்தன. மேல்வீட்டு மனுசி அவற்றைப் பார்த்துவிட்டு, பல்குத்தும் குச்சி போட்டு வைக்க நல்லது என்று நாலை வாங்கிக்கொண்டு போனார். மிச்சம் எட்டையும் என் கணவர் எங்கே ஒளித்தார் என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு நான் பழைய பொருள் விற்கும் இணையத் தளங்களில் தேட ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "பழைய பென்சில் சீவி. மேசையில் பூட்டலாம். சரியாகச் சீவாது" என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையால் சுற்றும் கோது வெட்டி, அப்வார்ட் காட்டிய விலைப்பட்டியலில் இருந்த அதே வகை. யாரோ அதன் வாய்க்குள் ஒரு மஞ்சள் பென்சிலைச் சொருகிப் படம் எடுத்திருந்தார். கேட்ட விலையோ உண்மையாகவே ஒரு பென்சில் சீவியின் விலை, அதுவும் சீவாத சீவியின் விலை.

விற்பவர் இன்டர்லாக்கனில் இருந்தார். சமையல்காரன் என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் புனைபெயர் வைத்திருந்தார். நான் மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி ஜெர்மனில் எழுதினேன். அவர் மதிப்புக்குரிய அம்மணி என்று தொடங்கிப் பதில் எழுதினார். இருவரும் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பை நம்பி எழுதுகிறோம் என்பது எங்கள் வசனங்களைப் பார்த்தால் தெரிந்தது. அது சீவாது என்பதை அவர் இரண்டு தடவை எச்சரித்தார். பென்சிலின் முனை கூராவதற்குப் பதிலாகத் தட்டையாகிவிடுகிறது, பின்னால் குறை சொல்லக் கூடாது என்றார். எனக்குத் தட்டையான பென்சில்தான் பிடிக்கும் என்று எழுதினேன். அதற்கு அவர் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. பிறகு, தபாலில் அனுப்ப வசதியில்லை, நேரில் வந்தால் தரலாம் என்றார்.

ஊஸ்டரிலிருந்து இன்டர்லாக்கனுக்குப் போய்வர இருவருக்கும் ஆகும் ரயில் செலவு அந்தக் கருவியின் விலையைவிட அதிகம். இதை என் கணவர் சூரிச்சில் ஒரு முறையும் பேர்னில் ஒரு முறையும் சொன்னார். தூன் ஏரி வந்ததும் மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்து, ஏரியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அங்கே போய் வாயே திறக்கக் கூடாது, அது என்ன கருவி என்று தெரிந்தால் விற்பவர் விலையை ஏற்றிவிடுவார் என்று நான் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

நிலையத்துக்கு வெளியே நல்ல குளிர். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் ஒரு மனிதர் மடியில் துணிப்பையுடன் இருந்தார். கம்பளித் தொப்பி புருவம் வரை, சால்வை மூக்கு வரை. இரண்டு கண் மட்டும்தான் தெரிந்தது. ஜெர்மனில் வணக்கம் சொன்னோம், அவரும் சொன்னார். பையிலிருந்து கருவியை எடுத்து வாங்கில் வைத்தார். என் கணவர் குனிந்து, மூக்கு படுகிற மாதிரி அதைப் பார்த்தார். பிறகு என் காதுப் பக்கமாகத் திரும்பினார்.

"இஞ்சாரும், வெட்டுற அலகு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட சன்னத்தின்ர கோது இதுக்குள்ள போகுமோ?"

"பேசாமல் இருங்கோ. கோது வெட்டத்தான் வாங்குறம் எண்டு விளங்கினால் மனிசன் விலையை ஏத்திப்போடும்" என்றேன் நானும் தமிழில்.

வாங்கில் இருந்தவர் சால்வையை மெதுவாகக் கீழே இறக்கினார். மீசைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"மேடம், சன்னமோ மோட்டாவோ, இதுல எந்த அரிசியையும் உரிக்க முடியாது. நான் குக், சொன்னா நம்புங்க" என்றார், தமிழ்நாட்டுத் தமிழில்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் கணவர் வாயே திறக்கக் கூடாது என்ற கட்டளையை அந்த நேரம் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு மலையைப் பார்த்தார். அந்த மனிதர் அங்கே ஒரு ஹோட்டலில் இந்தியச் சுற்றுலாக் குழுக்களுக்குச் சமைப்பவராம். எங்களுக்குச் சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு. அவருக்கு அது அரிசி ரகம். கோது என்றதும் உமி என்று எடுத்துக்கொண்டார். சுவிற்சர்லாந்தில் நெல்லை எங்கே பிடித்தீர்கள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

இனி மறைக்க முடியாது என்று, அது துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கோதை வெட்டும் கருவி, நான் சங்கத்தில் சேர்ந்து சுடுகிறவள் என்று சொன்னேன். தோட்டா என்ற சொல் கேட்டதும் அவர் வாங்கிலிருந்து எழுந்து இரண்டு அடி தள்ளி நின்றார். கருவி வாங்கில் தனியாக இருந்தது.

"அக்கா, இது ரெண்டு வருஷமா என் கிச்சன்ல இருக்கு. ஆர்டர் எழுதுற பென்சிலை எல்லாம் இதுலதான் விட்டேன். நான் இங்க தங்குற பெர்மிட்டுக்கு எதாவது ஆகுமா?"

ஒன்றும் ஆகாது தம்பி, இது வெறும் பித்தளை வெட்டுகிற சாமான், அரத்துக்கு யாரும் அனுமதிப் பத்திரம் கேட்பதில்லை என்று விளக்கினேன். பாவம், அவர் அதைப் பழைய பொருள் கடையில் ஒரு பெட்டி கரண்டிகளோடு வாங்கியிருக்கிறார். நான் படத்தைப் பார்த்த உடனேயே இது என்னவென்று தெரிந்துகொண்டதையும், அதை அவரிடம் சொல்லாமல் ஒரு வாரமாகத் தட்டைப் பென்சில் கதை விட்டதையும் ஒப்புக்கொண்டேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. எனவே அவர் கேட்டதைப்போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னேன். அவரோ காசே வேண்டாம், இதை முதலில் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நான் ஏற்றினேன், அவர் இறக்கினார். பக்கத்தில் நின்ற ஒரு சுவிஸ் மூதாட்டி, கைகளை வீசி இப்படிப் பேசுகிறார்களே என்று நினைத்தோ என்னவோ, பேருந்து நிறுத்தத்தின் மறுமுனைக்குப் போய்விட்டார். கடைசியில் இரண்டு மடங்கில் முடிந்தது. கருவியை உடனே கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. என் கணவர் அதைத் தன் மேலங்கிக்குள் வைத்து, ஆறு மாதக் கர்ப்பிணிபோல நடந்து வந்தார்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று ஹோட்டலின் பின்பக்கமாக எங்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் போட்டார். நானும் சமையலறையில் வேலை செய்கிறவள்தான், ஆனால் வேறொருவர் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடுவதன் சுகமே தனி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஓர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதற்குள் முப்பது பென்சில் இருக்கும். எல்லாவற்றின் முனையும் கத்தியால் வெட்டியதுபோல, ஒரே சீராக, அழகான தட்டை. என் கணவர் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான வெட்டைத் தன் தொழிற்சாலையிலேயே கண்டதில்லை என்றார். அந்தப் பாராட்டுக்கு யார் உரியவர் என்று தெரியாமல் சமையல்காரரும் நானும் சேர்ந்து தலையாட்டினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கோதின் வாய்க்குள் போய் அதை ஆடாமல் நிறுத்தும் சின்னக் கம்பி என் கோதுக்குப் பொருந்தவில்லை. வேறு அளவுக்கானது. நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன். என் கணவரின் முகமோ பூரித்தது. மறுநாளே அளவெடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், அரை மணி நேரத்தில் புதுக் கம்பி கடைந்துவந்தார். இம்முறை அளவை என்னிடம் மூன்று தடவை கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். பொருந்தியது. முதல் கோதை நான்தான் வெட்டினேன். அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இரண்டாவதை அவர் கேட்டார். கொடுத்தேன். மூன்றாவது எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர் சாப்பாட்டு மேசையில் கருவியைப் பூட்டி, என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சுற்றுகிறார். யாராவது தொலைபேசியில் அழைத்தால் வேலையாக இருக்கிறேன் என்கிறார். சங்கத்தில் இதைக் கேள்விப்பட்டு மூன்று பேர் தங்கள் கோதுகளையும் பையில் போட்டு அனுப்புகிறார்கள். கடந்த போட்டியில் நான் பதினொரு பேரில் ஆறாவதாக வந்தேன். பரிசு ஒரு போத்தல் தேன். கோதை ஒழுங்காக வெட்டியதால் வந்த வெற்றி இது என்று என் கணவர் எல்லோரிடமும் சொன்னார். அப்வார்ட், ஆறாம் இடத்துக்கு அவ்வளவு காரணம் தேவையில்லை என்றார். தேன் நன்றாக இருந்தது, தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டோம்.