ஓடுபாதையின் கடைசிப் பதினாலு விளக்குகள்

அந்தச் சின்ன விமானத்தளத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்துக்கொண்ட எலக்ட்ரீஷியனை எல்லோரும் 'லைட்டண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரவில் இறங்கும் விமானிக்குத் தரை தெரியாது. இருபக்கமும் எரியும் விளக்கு வரிசைதான் அவனுக்குப் பாதை. வரிசை முடிகிற இடத்தில் பாதையும் முடிந்தது என்றுதான் நினைப்பான். இது மேனேஜருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அறுபது விளக்கில் பதினாலு போய், அண்ணன் மூன்று முறை நேரில் போய்ப் புது பல்பு கேட்டும் மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும்தான் அவர் மூளை வேலை செய்தது.

"கடைசியில இருக்கிறதைக் கழட்டி முன்னால போடுப்பா. ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தா எல்லாம் எரியணும், அவ்வளவுதான்."

"அந்தக் கோடி இருட்டாயிடுமே சார்."

"அவ்வளவு தூரம் யாரு நடந்து போய்ப் பார்க்கப் போறா?"

இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிற வீடு. அண்ணன் கழற்றி மாட்டினார். 'எல்லா விளக்கும் எரிகின்றன' என்று பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார். சோதனைக்கு வந்த மகாராசன்களும் ஜன்னல் வழியாகவே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் இரவு, மருந்துப் பெட்டிகளோடு ஒரு நாலு சீட்டு விமானம் வந்தது. ஓட்டியவன் அந்தத் தளத்துக்குப் புதியவன். தரை தொட்டதும் எதிரே விளக்கு முடிவதைப் பார்த்து, பாதையே தீர்ந்தது என்று பதறி பிரேக்கை அழுத்தினான். டயர் வெடித்து, விமானம் பக்கத்துப் பள்ளத்தில் சாய்ந்தது. இன்னும் நானூறு மீட்டர் நல்ல பாதை இருட்டில் சும்மா கிடந்தது. பையனுக்குக் கால் முறிந்தது. அது போதாதென்று, பதிவேட்டில் எல்லா விளக்கும் எரிவதாக இருப்பதால் தப்பு அவனுடையதுதான், லைசென்ஸைப் பறிக்கலாம் என்று பேச்சு எழுந்தது.

விசாரணையில் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அந்தப் பையன் மேல தப்பு இல்லீங்க. கடைசிப் பதினாலு பல்பையும் கழட்டினது நான். மேனேஜர் சொல்லித்தான் கழட்டினேன்."

"நான் சொன்னேன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?" என்றார் மேனேஜர், நகத்தைப் பார்த்தபடி.

அறிக்கை வந்தது. பையனின் லைசென்ஸ் தப்பியது. அண்ணனின் வேலை போயிற்று. அவர் மனைவி அறிக்கையின் நாலு பக்கத்தையும் விரலால் தடவிப் படித்தாள்.

"எல்லா இடத்திலயும் உங்க பேருதான். அந்த மேனேஜர் எங்க?"

"இருக்காரு. கடைசி வரியைப் பாரு."

இனி இத்தகைய அலட்சியம் நேராதிருக்க, ஓடுபாதை விளக்குகளை மேனேஜரே நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தார்கள்.