சம்பந்தி எடுக்காத குதிரை

லீவுக்குச் செந்துறை போன என் பேத்தி யாழினி போன வாரம் போன் செய்தாள்.

"அப்பத்தா, லீவு முழுக்க அம்மாயி வூட்டுலயே இருக்கேன். அவங்க செஸ் சூப்பரா ஆடுறாங்க. ராஜாவையும் ஒரே ஒரு சிப்பாயையும் வெச்சே ஜெயிச்சுட்டாங்க!"

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பேத்திக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தது என் மகனாக்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் செல்லில் ஒரு மாஸ்டர் ஜெயித்த ஆட்டத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்து, இருபது நகர்த்தலையும் தப்பில்லாமல் மனப்பாடம் செய்தேன்.

இன்று குரும்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போய், அந்த அம்மாயிக்கு, அதாவது என் சம்பந்திக்கு, எதிரே ஆட உட்கார்ந்தேன்.

ஆறு நகர்த்தல் வரை எல்லாம் அந்த ஆட்டம் போலவே போனது. ஏழாவதில் அவர் வேறு காயைத் தொட்டார்.

"அது இல்லீங்க சம்பந்தி, இப்ப நீங்க குதிரையத்தான் எடுக்கணும்."

"அந்த ஆட்டத்த நானும் யாழினியும் பாத்துட்டோங்க. குதிரைய எடுத்துத்தானே அந்தாளு தோத்தாரு?"

யாழினி அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அடுத்த கால் மணி நேரத்தில் என் ராஜா காலி. பேத்தியும் என்னோடு வரவில்லை.

சம்பந்தி பார்த்திருக்காத மாஸ்டர் ஆட்டம் ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கமெண்டில் போட வேண்டாம். நான் எந்தப் பதிவு போட்டாலும் முதல் லைக்கே அவருடையதுதான்.