ஒரு சாண் தூரத்து லென்ஸ்

நேற்று மொட்டைமாடித் தொட்டிக் குழாய் வெடித்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் பிவிசி பசை டப்பாவைத் திறந்தார். மூக்கில் ஏறி நெற்றி வரை போகும் அந்த நெடி உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு அது குழாய் வாசம். எனக்குக் கேமரா வாசம்.

அப்போது நான் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கு உதவியாள். சாம்பிள் ரூம் அலமாரியைக் காலி செய்தபோது பழைய பிலிம் கேமரா ஒன்று கிடைத்தது. ஷட்டர் போய்விட்டது, லென்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. "வேணும்னா எடுத்துக்கம்மா, இல்லீனா குப்பைக்குத்தான் போகுது" என்றார் மேனேஜர். என்னிடம் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்தது. இரண்டையும் ஜோடி சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்த வயதில் எல்லாமே சுலபமாகத்தான் தோன்றும்.

இரண்டையும் இணைக்கவென்றே வளையம் விற்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பிவிசி குழாயில் ஒரு துண்டை அறுத்து, டிஜிட்டல் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயை மூடும் மூடியில் ஓட்டை போட்டு, பசை தடவி லென்ஸை ஒட்டினேன். இடுக்கில் வெளிச்சம் புகுந்ததால், பனியன் கழுத்துக்கு வைக்கும் கறுப்பு ரிப் துணியைச் சுற்றிக் கட்டினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ அம்மிணி, இது கேமராவா, தண்ணி மோட்டாரா?"

அப்பா மங்கலம் சாலையில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர். மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவர், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். பேச்சுக்குக் குறைவே இல்லை.

நான் அறுத்த குழாய் கொஞ்சம் நீளமாகிவிட்டது. அதனால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். அதற்கு அப்பால் உலகமே கலங்கல். கோயில் கோபுரம், மழை, மனிதர்கள் எதையும் எடுக்க முடியாது. எனவே வேறு வழியில்லாமல் கலைஞரானேன்: டீ வடிகட்டி, ஊக்கு, சீப்பு, வெங்காயச் சருகு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊட்டுல இருக்கறத எதுக்குப் போட்டோ புடிக்கற? நேர்ல பாத்தாப் பத்தாதா?"

ஒரு நாள் காலை டீ டம்ளரைக் காட்டி அப்பா, "அந்தச் செருப்ப எடு" என்றார். சிரித்தோம். மறுபடியும் "செருப்பு" என்றார். அவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பக்கவாதம். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். நடை தேறியது, வலது கை பாதி தேறியது. பேர்கள்தான் போய்விட்டன. எதைக் காட்டினாலும் "அது". அவசரப்பட்டால் தப்பான பேர் வரும், அது தப்பென்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. பேச்சுப் பயிற்சி தந்த பெண் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தார். ஒட்டகம், கப்பல், பனிவீடு. அப்பா மூன்றாவது அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு "அது" கூட வரவில்லை. பார்க்க வந்தவர்கள் அவர் எதிரிலேயே அம்மாவிடம், "இனிப் பேசுவாருங்களா?" என்று கேட்டார்கள். அவர் காது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் படங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் சட்டைப் பையில் கிடந்த நிட்டிங் ஊசியை எப்போதோ எடுத்திருந்தேன். அந்த ஊசியின் முனையில் நூலைப் பிடித்துவிட ஒரு சின்ன மடக்கு இருக்கும், லேட்ச் என்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத ஊசி, திரையில் உலக்கை மாதிரி கிடந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"லேட்ச்சு... வளஞ்சிருக்குது."

திரும்பினேன். அப்பா திரையைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தோணும். துணியில கோடு உழுகும்."

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நான் அந்த ஊசியையே தேடி எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. படத்தைக் காட்டினால் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு டாக்டர், "வந்தா சரிம்மா, தொடர்ந்து பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

தொடர்ந்து செய்தோம். வேலை முடிந்து வந்ததும் தினம் ஒரு பொருள். என்ன பொருள் என்று முடிவு செய்வது அம்மா. படம் பிடிப்பதைத் திட்டியவர் இப்போது மத்து, அரிவாள்மனை, கிரைண்டர் குழவி என்று வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வடிகட்டி என்ற சொல் வர ஒரு வாரம் ஆனது. தேங்காய்த் துருவியை அப்பா "கலெக்டர்" என்றார். நாங்கள் சிரிப்பை அடக்க, அவரே முதலில் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

ஒரு நாள் அம்மா, "என்னையப் புடிக்க மாட்டியா?" என்றார். அந்த லென்ஸில் முழு முகம் எங்கே அடங்கும்? பக்கத்தில் போய் எடுத்ததில் காது மட்டும் வந்தது. அதிலும் தெளிவாக விழுந்தது தோடு. சரி, இன்றைய பொருள் தோடு என்று அப்பாவிடம் காட்டினோம்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது.

"சரசு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள", "இந்தா", அவ்வளவுதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "தோடுன்னு சொல்லோணுங்க. இது தப்புங்க" என்றார்.

அப்பா முழுதாகத் தேறினார் என்று சொல்ல மாட்டேன். மெஷின் பக்கம் திரும்பப் போகவில்லை. பேர்களில் முக்கால்வாசி வந்தன. பிப்ரவரி மாதத்தின் பேர் கடைசி வரை வரவில்லை. ஆனால் பேர் வராதபோதெல்லாம் தண்ணீருக்கும் சரசு, ரிமோட்டுக்கும் சரசு, குடைக்கும் சரசு. "இத்தன வருசத்துக்கும் சேத்து வெச்சுக் கூப்படறாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் அலுத்துக்கொள்வார். அலுப்பு மாதிரித் தெரியாது.

நான்கு வருடம் கழித்துப் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அதிலிருந்து அவர் எழவில்லை.

லேப்டாப் செத்துப்போனதில் படங்களும் போயின. லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். என் மகளுக்கு அம்மாயி, என் கணவருக்கு அத்தை, தெருவுக்கு அக்கா. ரேஷன் கடையில் சரஸ்வதி என்று முழுசாகக் கூப்பிடுகிறார்கள். சரசு என்று யாரும் கூப்பிடுவதில்லை.