கஞ்சி போட்ட அங்கி

என் மூத்த மகள் பால்வாடியில் சேர்ந்தது 1992இல். இது அதே ஆண்டுப் பங்குனியில், ஒரு வியாழக்கிழமை. பாலவனத்தம் சாலையோரம், கண் சொட்டு மருந்து நிரப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் தரப் பரிசோதனை பார்த்துவந்தேன்.

வெளியே கரிசல் புழுதி. உள்ளே, மருந்து நிரப்பும் அறைக்குள் தூசி நுழையக்கூடாது. மனித உடம்பிலிருந்து உதிர்வதுதான் அதிகம் என்பதால் தலைமுதல் கால்வரை பாலியஸ்டர் அங்கி. பருத்தி நூல் உதிர்க்கும். எங்களுடையது நெசவு ஊர்; ஆனாலும் பருத்தியை வாசலோடு நிறுத்தியிருந்தோம். அங்கியே அழுக்கைக் கொண்டுபோகக் கூடாதல்லவா? துவைப்பது, மூடிய அறையில் உலர்த்துவது, கிருமி சாக நீராவிப் பெட்டியில் வைப்பது எல்லாவற்றுக்கும் முறை உண்டு.

துவைத்தவர் ஒரு அக்கா. சேர்ந்து ஒரு மாதம்தான். மாதா கோயில் பீடத் துணிக்குக் கஞ்சி போடுவதில் அந்தக் கோயிலின் பங்கு மக்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் வீட்டில் அப்போது வேறு சம்பளமும் இல்லை.

அன்று லைசென்ஸ் புதுப்பிக்க மதுரையிலிருந்து அதிகாரி வரும் நாள். காலையில் அங்கிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அங்கி அப்பளம்போல் விறைத்திருந்தது. கையை நுழைத்ததும் மொறுமொறுத்தது. கறுப்புக் கடப்பைக் கல்லில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பாலியஸ்டரில் கஞ்சி ஊறாது, மேலே ஏடாகத்தான் படியும். பூஞ்சைக்கு அது விருந்து.

"என்னக்கா இது?"

"ஆபீசரு வாராகன்னு சொன்னீகல்ல. தொளதொளன்னு கெடந்தா நல்லாவா இருக்கும்? வீட்டுலயே கஞ்சி வடிச்சுக் கொண்டாந்தேன்."

மேனேஜர் தலையில் கைவைத்தார். "லைசென்ஸு போச்சுன்னா நாளையிலருந்து நீங்க கோயில் துணியவே தொவைக்கலாம்."

அக்கா வாளிகளை எடுக்கப் போனார்.

அதிகாரி வந்ததும் மேனேஜர் எதையும் மறைக்காமல் ஒரு அங்கியைத் தரையில் வைத்துக் காட்டினார். அது தானாக நின்றது. அதிகாரி அதைச் சுற்றி வந்தார்.

"உள்ள ஆளு இருக்காரா?" என்றவர், அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார்: "சாயங்காலம்வரை இருப்பேன். சுத்தமான அங்கி தந்தா உள்ள போய்ப் பாக்குறேன். இல்லன்னா பூட்டுத்தான்."

மேனேஜர், அக்கா, நான் மூவரும் அலச உட்கார்ந்தோம். ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசல்களுக்குக் காய்ச்சி வடித்த நீர். அலசிய நீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன்; கஞ்சி மிச்சமிருந்தால் நீலமாகும். நீலமாகத்தான் ஆயிற்று.

"மயில் கழுத்தாட்டம்ல இருக்கு," என்றார் மேனேஜர்.

மறுபடி அலசினோம். நீலம் வெளுத்தது, போகவில்லை. சாப்பிட்டு வந்த அதிகாரியும் வாளியருகே நின்றுகொண்டார். அடுத்த சொட்டு நீலமாகாமல், அயோடினின் வெறும் டீத்தண்ணி நிறத்திலேயே நின்றது.

"இப்ப?" என்றார் அக்கா.

"கஞ்சி இல்லக்கா."

உலர்த்தி, நீராவியில் வைத்து எடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு அதிகாரி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தவர், "புதுப்பிச்சுத் தாரேன்," என்றார். மேனேஜர் அக்காவிடம், "நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க," என்றார்.

அக்கா அதிகாரி மாட்டியிருந்த அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருவேன். ஆனா இம்புட்டுப் பெரிய மனுசர இப்பிடிக் கசங்கல்ல நிக்க வச்சிட்டோமே, அவுக வீட்டுல கேள்விப்பட்டா என்ன நினைப்பாக?"