ஏசுவடியான் பெயரை அடித்தவன் நான்தான்

ஏசுவடியான் செத்துப்போனான். வாந்திபேதி. முந்தாநாள்.

கோட்டாறு கடைத்தெருவில் மீரான்தான் சொன்னான்... நம்மோடு இன்டர் வரை படித்துவிட்டு வாப்பாவின் கருவாட்டு மண்டிக்குப் போனானே, அதே மீரான். "நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில கொண்டு போயிருக்காவ மக்கா. பாதி வழி தாண்டல்ல. ஆளு போயிட்டான்."

அடக்கமும் முடிந்துவிட்டதாம். நமக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்?

பழைய மாணவர் சங்க ரீடிங் ரூமுக்கு வருகிற எல்லோரும் படிக்கட்டும் என்று இதைப் பலகையில் ஒட்டுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவனைத் தெரியாது. தெரியாமல் போனதில் என் பங்கும் உண்டு.

அப்போது நாங்கள் ஹானர்ஸ் கடைசி வருஷம். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. ராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் வாந்திபேதி கண்டது.

ஹானர்ஸ் மாணவர் தொண்டர் படை என்று பன்னிரண்டு பேர் கிளம்பினோம். கையில் வாளி, கிணற்றுக்குப் போடுகிற மருந்து... கூடவே ஒரு போட்டோக்காரர்.

இந்தப் பலகைக்கு இடதுபுறம் தொங்குகிற குரூப் போட்டோ அன்று எடுத்ததுதான். எண்ணிப் பாருங்கள். பதினொரு பேர்.

பன்னிரண்டாவது ஆள் ஒரு குடிசைக்குள் கிழவர் ஒருவரைக் கழுவிக்கொண்டிருந்தான். "எலே, வெளிய வா, போட்டோ எடுக்கான்" என்று நான்தான் கூப்பிட்டேன். "இவர இப்படியே போட்டுட்டு வரச் சொல்லுகியா?" என்றான் ஏசுவடியான்.

மூன்றாம் நாள் எங்களில் ஒருவனுக்கு வயிறு கலங்கியது. புளித்த மோர்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்று மத்தியானமே எல்லோரும் நாகர்கோவில் திரும்பிவிட்டோம்.

அவன் மட்டும் வரவில்லை.

"பரீட்சை கெடக்குடே..."

"கெடக்கட்டும். இங்க கஞ்சி காய்ச்ச ஆளில்ல. ரெண்டு நாள்ல வாரேன்."

இரண்டு நாள் பதினெட்டு நாளாயிற்று. அவன் வந்து சேர்ந்தபோது கடைசிப் பேப்பரும் முடிந்திருந்தது. ஹானர்ஸ் ஒரே தடவைதான் எழுதலாம். போயிற்று.

எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவன்.

காலேஜ் டேக்கு ரிப்போர்ட் எழுதினது நான். அவன் பெயர் போட்டு ஒரு வரி எழுதியிருந்தேன். செக்ரட்டரி படித்தார்... இன்றைக்கும் நம் சங்கத்துக்குச் செக்ரட்டரி, அன்றைக்குத் தொண்டர் படைக்கு. "பரீட்சை எழுதாதவன் பேரு எதுக்கு வே? காலேஜுக்குக் குறைச்சல்லா. 'நம் தொண்டர்கள்'னு மாத்திரும்" என்றார்.

மாற்றினேன். என் பேனாவால்தான் அடித்தேன்.

'நம் தொண்டர்கள் மூன்று வாரம் ஓயாது உழைத்தனர்' என்று மேடையில் வாசித்தார்கள். மெடல் செக்ரட்டரிக்கு. கடைசி வரிசையில் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்த ஏசுவடியானும் கைதட்டினான். நான் பார்த்தேன்.

அப்புறம் நாமெல்லாம் பெரிய ஆளானோம். வக்கீல், ஹெட்மாஸ்டர், முன்சீப். செக்ரட்டரிக்குச் சர்க்காரில் பெரிய உத்தியோகம். வருஷா வருஷம் சங்க மலரில் சாதனைப் பட்டியல்.

அவன் அந்தக் கடற்கரைக்கே ஆரம்பப் பள்ளி வாத்தியாராகப் போனான். பட்டியலில் அதற்கு இடமில்லை.

இந்த ரீடிங் ரூமுக்கு ஒரே ஒரு தடவை வந்தான். போன வருஷம். கையில் ஒரு மனு.

குடியிருப்புக்காரர்கள் மணலில் தோண்டின குழியில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். பக்கத்துத் தெருக் கிணற்றில் அவர்களை விடுவதில்லை. சர்க்கார் ஒரு கிணறு வெட்டித் தரவேண்டும். இவ்வளவுதான் மனு. அடியில் பக்கம் பக்கமாகக் கைநாட்டு.

"நீ செக்ரட்டரிக்கிட்ட சொல்லிக் குடுத்தா நடக்கும்லா மக்கா?"

கொடுத்தேன். செக்ரட்டரி வாசித்துவிட்டு, "இங்கிலீஷ் மட்டும் இன்னும் கெடல்ல இவனுக்கு" என்று சிரித்தார். மேசை டிராயரில் வைத்தார். "தெருக்காரங்க கோவப்பட்டு சடைப்பாங்க வே. அடுத்த வருஷம் பாப்போம்."

நான் மறுபடி கேட்கவில்லை.

ஏசுவடியான் இரண்டு தடவை கடுதாசி போட்டான். 'ஆவன செய்கிறோம்' என்று பதில் எழுதினேன்... இரண்டு தடவையும்.

வாத்தியார் என்பதால் அந்தத் தெருக் கிணற்றில் அவனை மட்டும் விட்டார்களாம். அவன் போகவில்லை. மீரான் சொன்னான். "பிள்ளைகளுக்கு இல்லாத தண்ணி எனக்கு மட்டும் எதுக்குன்னு கேப்பான் மக்கா. அந்தக் குழித் தண்ணியத்தான் அவனும் குடிச்சான்."

நேற்று சாயங்காலம் செக்ரட்டரி கூப்பிட்டு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டமாம். "தீர்மானம் நீரு எழுதிரும் வே. 'நம் சங்கத்தின் ஒப்பற்ற தொண்டர்'னு ஒரு வரி இருக்கட்டும்."

"அந்த மனு எங்க?" என்றேன்.

"எந்த மனு?"

உண்மையாகவே மறந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தீர்மானம் நான் எழுதவில்லை. இதைத்தான் எழுதினேன். கிழிக்க வேண்டியவர்கள் கிழித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் இல்லை. மீரானும் நானும் கடற்கரைக்குப் போகிறோம். அங்கே அவன் பெண்சாதி ரோசம்மாளும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன், தெரியவில்லை.

ஏசுவடியான்... எத்தனையோ தடவை கூப்பிட்டாய், உன் வீட்டுக்கு ஒரு நாளும் வரவில்லை. இப்போது வருகிறேன்.

போயிட்டு வா மக்கா.