மூன்று லைனும் பிஸி

கவரைப்பேட்டையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற வழியில், நெடுஞ்சாலையோரம் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மெஹர்னிசா டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது கட்டடத்துக்கு மாடிகூட இல்லை. பிறகு மாடி எழும்பியது, லிஃப்ட் வந்தது, வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். அவள் மட்டும், புதிய மாடிப்படிக்குக் கீழே அகப்பட்டுப்போன, ஜன்னல் இல்லாத அதே தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண் அவள். பிளஸ் டூ முடித்ததும் பொன்னேரியில் குடைக்கடை வைத்திருந்த அப்துல் ரவூபுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதில்தான் டாக்டர் துளசிராமன் பழக்கமானார். மருந்தெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவர், “இனிமே இதுக்காக நீ அலைய வேணாம்மா. குரல் நல்லா இருக்கு. நம்ம ஆஸ்பத்திரி போன்ல உட்கார்றியா?” என்று கேட்டார். அவளுக்கு அழுகையும் வந்தது, வேலையும் கிடைத்தது.

சிப்காட் ஆலைகளின் கேட்டுகளில் எல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் நம்பர் பெயிண்டில் எழுதியிருந்தது. 108 வண்டி இன்னும் ஓடத் தொடங்காத காலம். ரோலிங் மில்லில் கை மாட்டினாலும், ரசாயனக் கம்பெனியில் யாராவது மயங்கி விழுந்தாலும் முதலில் அலறுவது மெஹர்னிசாவின் போன்தான். பேசுகிறவனுக்குப் பின்னால் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தால் அடி பெரிது என்று அர்த்தம். அவள் ஒரு கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “ஏழுமலை, வண்டி எடு” என்று கத்துவாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஏழுமலை டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடுவான்.

அந்தப் பதிவுக்குரல் வரத் தொடங்கியது இரண்டாயிரத்து ஏழில்.

“வணக்கம். திருநின்றவூர் ரயில் நிலையத்துக்கு மிக அருகில், உங்கள் கனவு மனை காத்திருக்கிறது. மேலும் விவரங்களுக்கு எண் ஒன்றை அழுத்தவும்.” தேன் தடவிய பெண் குரல். முதல் நாள் மெஹர்னிசா, “இது ஆஸ்பத்திரிங்க” என்று அதனிடமே சொன்னாள். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தாலும் அதே குரல். அந்தப் பக்கம் வைத்தால்தான் லைன் விடும். ஆஸ்பத்திரிக்கு இருந்த மூன்று லைனும் வரிசை நம்பர். மெஷினும் வரிசையாகத்தான் சுற்றும் போலிருக்கிறது. ஒன்று அடித்து வாய் மூடுமுன் இரண்டாவது, அதன் பின்னாலேயே மூன்றாவது. மூன்று ரிசீவரிலும் ஒரே பெண், ஒன்றன்பின் ஒன்றாக, மனையைக் கூவி விற்பாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். “எல்லாருக்கும்தான் வருது. எனக்கே செல்லுல வருது. கட் பண்ணிட்டு வேலையைப் பாரும்மா” என்றார் அவர். டெலிபோன் ஆபீஸுக்குப் போனாள். தொந்தரவு அழைப்பு வேண்டாம் என்று நம்பரைப் பதிந்துகொள்ளப் புதிதாக வழி வந்திருக்கிறது, பதிந்தபின் கூப்பிட்டால் சட்டப்படி தப்பு என்றார்கள். மூன்று நம்பரையும் பதிந்துவிட்டு நிம்மதியாக வந்தாள். மெஷினுக்குச் சட்டம் தெரியவில்லை. அது வந்துகொண்டேதான் இருந்தது.

மறு வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டு வேளை. மூன்று லைனிலும் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. மெஹர்னிசா ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு லைன் விட்டது; விட்ட கையோடு அடித்தது. ஒரு பெரியவரின் குரல், மூச்சு வாங்க: “இன்னாம்மா, எவ்ளோ நேரமா அடிக்கிறது? எப்பப் பாரு எங்கேஜ்டு. மில்லுல பழுத்த கம்பி தொடையில ஏறிடுச்சு. நாங்களே குட்டி யானையில போட்டு அனுப்பிட்டோம். வாசல்ல ஆள நிறுத்து.”

குட்டி யானை என்கிற அந்தச் சின்ன சரக்கு வண்டி வந்து நின்றபோது, அதன் தகரத்தில் ரத்தம் தளும்பிக்கொண்டிருந்தது. தொடையில் கட்டு எதுவும் இல்லை. யாரோ தன் லுங்கியை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ராஜவேலு என்று பெயர். கவரைப்பேட்டையில் குடியிருந்தவன். டாக்டர் துளசிராமன் ஓடிவந்து பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து உள்ளே போனார். ஏழுமலை ஆம்புலன்ஸில் சாய்ந்து நின்றபடி, “வண்டி இங்கியே தானேடா நின்னுக்கினு இருந்துச்சு” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னான்.

ராஜவேலுவின் மனைவி புவனேஸ்வரி சாயங்காலம் தடுப்புக்கு வந்தாள். முப்பதுகூட ஆகாத பெண். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை.

“போன ஏன் எடுக்கல?”

மெஹர்னிசா மெஷினைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் மாதிரி அவள் காதுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கேட்டது போலும். ஆபரேட்டர் சொந்தப் பேச்சு பேசிக்கொண்டிருந்திருக்கலாம் என்று மேனேஜர் அருணாச்சலம் மில்காரர்களிடம் சொல்லிவிட்டார். மெஹர்னிசாவுக்கு மெமோ வந்தது. டாக்டரிடம் ஓடினாள். “எனக்குத் தெரியும்மா, உன் மேல தப்பில்ல. ஆனா அவங்களுக்கு ஏதாவது பதில் சொல்லணும்ல? கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துடும்” என்றார். பிள்ளை பிறக்காது என்று சொல்ல வேண்டியிருந்தபோதும் இதே சாந்தத்தோடுதான் அவர் சொல்லியிருந்தார்.

வீட்டில் அப்துல் ரவூப், “பேஜாரு புடிச்ச வேல. உட்டுத் தொல” என்றார்.

“உட்டா நாந்தான் கொன்னேன்னு ஆயிடுமே” என்றாள் அவள்.

அடுத்த விடுப்பில் புவனேஸ்வரியின் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்தவள் முதலில் உள்ளே கூப்பிடவில்லை. மெஹர்னிசா வாசலில் நின்றபடியே கேட்டாள்: “அந்தக் கம்பெனி ஆபீஸ் திருநின்றவூர்ல இருக்கு. நான் போறேன். கூட வரியா?” புவனேஸ்வரி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ரயில் மாறிப் போனார்கள்.

மனை விற்கிற ஆபீஸில் ஏசி ஓடியது. சுவரில் தென்னை மரமும் ஊஞ்சலும் போட்ட வண்ணப்படம். மேனேஜர் சின்ன வயதுக்காரன், மரியாதையான பையன். உட்காரச் சொல்லி, கூல் டிரிங்க்ஸ் வரவழைத்தான். மனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வாடியது நிஜம்.

“நாங்க கூப்பிடறதில்லம்மா. ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்திருக்கோம். அவங்க கம்ப்யூட்டர் பண்ணுது. அதுக்கு ஆஸ்பத்திரி எது, ஊடு எதுன்னு தெரியாதும்மா.”

“தெரிய வெக்கலாமில்ல?” என்றாள் மெஹர்னிசா. “நம்பரு பதிஞ்சு வெச்சிருக்குது. ஆஸ்பத்திரின்னு டைரக்டரியில போட்டிருக்குது. உங்களுக்கு ஒரு நாள் அத தள்ளி வெக்கத் தோணலியா?”

“லிஸ்ட்லேருந்து எடுத்துடச் சொல்றேன்மா. இப்பவே சொல்றேன்.” அவன் போனைக் கையில் எடுத்தான்.

புவனேஸ்வரி கேட்டாள்: “அதுல பேசுதே, அந்தப் பொண்ணு எங்க?”

“யாரும்மா?”

“வணக்கம் சொல்ற பொண்ணு. அத நான் பாக்கணும்.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அது இங்க இல்லம்மா. ஏதோ ஸ்டுடியோவுல ஒரு வாட்டி பேசி வாங்குனது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஒருத்தருக்குமே ஒண்ணும் தெரியலியேக்கா” என்று மெஹர்னிசாவைப் பார்த்துச் சொன்னாள் புவனேஸ்வரி. கூல் டிரிங்க்ஸ் பாட்டிலை அவள் தொடவே இல்லை. ரயிலில் வரும்போதுதான் அழுதாள்.

பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். திருநின்றவூர் மனை நின்றது. அடுத்த மாதமே கடன் கொடுக்கிற கம்பெனி ஒன்றின் குரல் வந்தது, அதே மூன்று நம்பருக்கு, அதே வரிசையில். ஏஜென்சி நம்பர்களை வேறு ஆட்களுக்கும் விற்றிருக்க வேண்டும். மெஹர்னிசா ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு ஆலை ஆலையாகப் போனாள். கேட் வாட்ச்மேன்களிடம் சொல்லி, ஆஸ்பத்திரி நம்பருக்குக் கீழே ஏழுமலையின் செல் நம்பரையும் பெயிண்டில் எழுத வைத்தாள். சில ஆலைகளில் உள்ளேயே விடவில்லை. “இன்னா பாயம்மா, தேர்தலுக்கு நிக்கிறியா?” என்று ஒரு வாட்ச்மேன் சிரித்தான். அவள் தூரிகையைக் கேட்டு வாங்கித் தானே எழுதினாள்.

அதோடு, இந்த மெஷின் அழைப்புகளை நிறுத்தச் சொல்லித் திருவள்ளூர் போய்க் கலெக்டரிடம் மனு கொடுப்பது என்று முடிவுசெய்தாள். செத்தவனின் மனைவி கையெழுத்துப் போட்டால் மனுவுக்குப் பலம் இருக்கும் என்று மனு எழுதுகிறவர் சொன்னார். புவனேஸ்வரி வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை மெஹர்னிசா கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காத்திருந்து காத்திருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கே போனாள். வார்டு வராந்தாவில் புவனேஸ்வரி நீலப் புடவையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். அன்றுதான் ஆயா வேலையில் சேர்ந்திருந்தாள். மேனேஜர் அருணாச்சலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

“மனு கினு எதுவும் வேணாம்னு சொல்லித்தான் வேல குடுத்தாங்கக்கா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மெஹர்னிசா தன் தடுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். மனுவைத் தனியாகக் கொடுத்தாள் அடுத்த வாரம். பதில் எதுவும் வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பொன்னேரி வீட்டுப் போன் அடித்தது. எடுத்தாள். வேறொரு பெண் குரல்: “வணக்கம். உங்கள் குடும்ப நலனுக்காக முழு உடல் பரிசோதனை முகாம்.” அதற்கடுத்து வந்தது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பெயர்.

மறுநாள் அவள் போய்க் கேட்டபோது டாக்டர் துளசிராமன் மறைக்கவில்லை. “நல்ல விஷயத்துக்குத்தானேம்மா. ஜனங்க வந்து சுகர், பிரஷர் பார்த்துக்கட்டும். மனை விக்கிறதும் இதுவும் ஒண்ணா?”

“இது எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்குதுன்னு கேட்டீங்களா டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போட்டி ஜாஸ்தியாயிடுச்சு மெஹர்னிசா. நீ உள்ள உட்கார்ந்திருக்கே, உனக்குத் தெரியாது.”

அன்றே வேலையை விட்டாள். யாரும் தடுக்கவில்லை. ஏழுமலை மட்டும் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். “நீ இல்லன்னா யாரு பாயம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போனான்.

அதன் பிறகு அவள் குடைக்கடையில் உட்கார்ந்தாள். கடையில் போன் அடித்தால் அப்துல் ரவூப்தான் எடுப்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, மெஹர்னிசா உட்கார்ந்திருந்த பொன்னேரி பஸ்ஸில் புவனேஸ்வரி ஏறினாள். பக்கத்து சீட்தான் காலியாக இருந்தது. பையனை ஸ்கூலில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். இப்போது ஆஸ்பத்திரி போனில் தன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னாள்.

“அங்க உன்னால எப்படி உட்கார முடியுது?” என்று கேட்டுவிட்டாள் மெஹர்னிசா. கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

புவனேஸ்வரி கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “வேலய உட்டுட்டுப் போவ உனக்கு ஊட்டுக்காரரு இருந்தாருக்கா.”

கண்டக்டர் வந்து நின்றார். இரண்டு பேரும் தனித்தனியாக டிக்கெட் வாங்கினார்கள்.