வால்டர் கட்சியில் இருந்த தனபால் அண்ணா

தனபால் அண்ணா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள்... அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸில் அவர்தான் சமையல் மாஸ்டர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அமெரிக்க ஃபுட்பால். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

வால்டர், கிரெக் என்று இரண்டு அமெரிக்கர்கள் ஒவ்வொரு சீசனுக்கும் வந்து தங்குவார்கள். வால்டர் எழுபதைத் தாண்டியவர், கிரெக்குக்கு அவர் மகன் வயது. இருவருக்கும் இங்கே வந்துதான் பழக்கம்.

காலையில் ஆசிரமத்தில் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். டிபனுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்... எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவார்ட்டர்பேக் யார்?

வால்டருக்கு அவர் இளம் வயதில் பார்த்த ஆட்டக்காரர். கிரெக்குக்கு இப்போது ஆடுகிறவர். கிரெக் போனை எடுத்து எத்தனை கெஜம் எறிந்தார், எத்தனை டச்டவுன், எவ்வளவு பர்சென்டேஜ் என்று வாசித்துக்கொண்டே போவார்.

"அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக்கை எப்படி வேண்டுமானாலும் அடித்து விழ வைக்கலாம். இப்போது தொட்டாலே ஃபவுல். இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய்?" என்பார் வால்டர்.

ஒரு நாள் அண்ணா என்னிடம் கேட்டார். "இன்னா சுமதி, தினமும் இவங்களுக்குள்ள இன்னா தகராறு?"

வால்டரே டேபிளில் டம்ளர்களை வரிசையாக வைத்து விளக்கினார். நடுவில் ஒரு சட்னிக் கிண்ணம், அதுதான் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும், யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும், அதற்குள் எதிரணி மொத்தமும் அவன் மேல் பாயும். நான் தமிழில் சொன்னேன்.

அண்ணா கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கல்யாண சமையல் மாதிரிதான். பந்தி உக்காந்துட்டா எல்லாரும் மாஸ்டர் மேலதான் பாய்வாங்க."

அன்றிலிருந்து அவர் வால்டர் கட்சி. ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமலே.

"ஏன்ணா அந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "அவர் பக்கம் ஆளு கம்மியா இருக்குதுல்ல."

கிரிக்கெட்டில் எனக்கும் அவருக்கும் இதே சண்டை. நான் இப்போதைய பேட்ஸ்மேனின் ஆவரேஜைச் சொன்னால், "ஹெல்மெட்ட கழட்டிட்டு ஆடச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்று தோசையைத் திருப்பிப் போடுவார்.

ஒரு வருஷம் அந்தக் குவார்ட்டர்பேக் பேச்சு முற்றிவிட்டது. "உங்கள் ஆளுக்கு இன்றைக்கு எந்த டீமிலும் பெஞ்சில்கூட இடம் கிடைக்காது" என்றார் கிரெக்.

வால்டர் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து அவருக்கு டிபன் ரூமுக்குப் போனது. படிக்கட்டில் எதிரே வந்தால்கூட இருவரும் பேசவில்லை. வேறு இடம் பார்க்கப் போவதாக கிரெக் என்னிடம் சொன்னார்.

தட்டை அண்ணாதான் மேலே எடுத்துப் போவார். ஒரு நாள் இறங்கியவர் நேராக ரிசப்ஷனுக்கு வந்தார்.

"அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம் சுமதி. பனி கொட்டும்போது ஒரே போர்வைய போத்திக்கினு ரெண்டு பேரும் அந்த ஆளு ஆட்டத்தப் பாப்பாங்களாம். போன வருஷம் தம்பி செத்துட்டாராம். போட்டோ காட்டினாரு."

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிரெக்கிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். சொன்னா இவன் சாரி கேப்பான், அவரு பரவால்லன்னுவாரு. அதோட பேச்சு முடிஞ்சிடும். அந்தப் பழைய ஆட்டம் கம்ப்யூட்டர்ல கெடைக்குமான்னு மட்டும் கேளு."

கேட்டேன். கிரெக் முதலில் தோளைக் குலுக்கினார். பிறகு மதியம் முழுக்க லேப்டாப்போடு உட்கார்ந்து எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணா மேலே போய்க் கதவைத் தட்டினார். "சார், யுவர் மேன் மேட்ச். கம், கம்."

வால்டர் இறங்கி வந்தார். கிரெக்கைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அண்ணா கிரெக் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நடுவில் வாழைக்காய் பஜ்ஜித் தட்டை வைத்தார்.

படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடியது. அந்த மனிதரை அடித்து விழ வைத்தார்கள். சேற்றோடு எழுந்தார். மறுபடி விழ வைத்தார்கள். "எழுந்துட்டாரு பாரு" என்று ஒவ்வொரு முறையும் அண்ணா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அந்தக் குவார்ட்டர்பேக் எறிந்த பந்து நேராக எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. நம்ம ஆள்தான் பிடித்தான் என்று நினைத்து அண்ணா எழுந்து நின்று கைதட்டினார்.

வால்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிரெக்கும் சிரித்தார். என்ன நடந்தது என்று புரியாமல் அண்ணாவும் சேர்ந்து சிரித்தார்.

போன் அடித்ததால் நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது வால்டர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். தம்பியின் போட்டோ கிரெக் கையில் இருந்தது.

மறுநாள் டிபனுக்கு இரண்டு பேரும் ஒரே டேபிள். மறுபடி அதே சண்டை... முன்னைவிட ஜாஸ்தி சத்தமாக.

அதற்கப்புறம் நான் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். முதுமையால் வால்டரும் வருவதை நிறுத்திவிட்டார். இந்தியா மேட்ச் நடந்தால் மட்டும் அண்ணாவிடமிருந்து போன் வரும். "இன்னா, உன் ஆளு டக் அவுட்டாமே?"

இன்று காலை இரண்டு பேருக்கும் மெயில் எழுத உட்கார்ந்தேன். கிரெக்குக்குத்தான் முதலில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

வால்டருக்கு நீ எழுத வேண்டாம், அவர் இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது, நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், நேரில் போய்ச் சொல்கிறேன் என்று.

லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

பஸ் இப்போது திண்டிவனம் தாண்டிவிட்டது. சாயங்காலம்தான் எடுக்கிறார்களாம்.

வந்துக்கினே இருக்கேன்ணா.